குடிவரவுத் திணைக்களத்தை மாற்றினால் பாராளுமன்றம் எப்போது கேட்க வேண்டும்?

2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியில் கடவுச்சீட்டுக்கான பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டதில் இருந்து திருகோணமலையில் அடிக்கடி கேட்கிற கேள்வி, எங்களுக்கு எப்போது என்பதுதான். நியாயமான கேள்வி. வெருகலில் இருந்தோ குச்சவெளியில் இருந்தோ ஒருவர் அவசரமாகப் பாஸ்போட் எடுக்க வேண்டுமென்றால் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இரவு பஸ் பிடித்துத் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். 2022இலும் 2024இலும் பத்தரமுல்லை வரிசை எப்படி இருந்தது என்பது நாடே அறிந்த விஷயம்.

அலுவலகம் கேட்பதோடு நாங்கள் நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. திணைக்களம் எந்த அமைச்சின் கீழ் இருக்கிறது, அதன் எந்த வேலை தனியாருக்குப் போகிறது, எந்தக் கிளை திறக்கிறது, எது மூடுகிறது என்ற முடிவுகள் எங்கள் தலைக்கு மேலாக நடக்கின்றன. அந்த முடிவுகளைப் பாராளுமன்றம் எந்தக் கட்டத்தில், எந்த வழியில் கேள்வி கேட்க வேண்டும்? எங்கள் மாவட்டத்துக்கு நான்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது என்று முடிவெடுக்க உதவியாக, நடைமுறையில் உள்ள வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

இப்போது எங்கள் நாட்டில் இருப்பது வர்த்தமானி வழி. எந்த அமைச்சுக்கு எந்த விடயம், எந்தத் திணைக்களம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி ஜனாதிபதியிடம் இருக்கிறது. ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும். குடிவரவு மற்றும் குடியகல்வுத் திணைக்களம் ஒரு காலத்தில் உள்நாட்டலுவல்கள் அமைச்சின் கீழ் இருந்தது. 2019 இறுதியில் அதைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார்கள். இப்போது பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. இந்த இடமாற்றங்களுக்குப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை. பெயர்ப்பலகை மாறினால் என்ன, வேலை அதேதானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுச்சீட்டையும் குடியுரிமைச் சான்றிதழையும் மக்களுக்கான சேவையாகப் பார்க்கும் அமைச்சும், அதைப் பாதுகாப்பு விஷயமாகப் பார்க்கும் அமைச்சும் ஒரே கோப்பை ஒரே மாதிரிக் கையாளாது. 1990இல் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், முகாமில் பிள்ளை பெற்று, திரும்பி வந்து அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமைப் பதிவு தேடும் ஒரு குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் நாடு திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் உரிய ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனதுதான் அவர் மேல் இருந்த குற்றம்.

வர்த்தமானி வழிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: வேகம். ஒரு கிளை திறக்க, உத்தியோகத்தர்களை இடம் மாற்ற, பிரதேச செயலகத்தில் கைரேகை எடுக்கும் வசதி போட, ஒவ்வொரு தடவையும் சட்டம் இயற்ற முடியாது. 2023இல் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பிவிட்டு, தேர்ந்தெடுத்த பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கும் முறை வந்ததே, அதற்காகப் பாராளுமன்றம் ஆறு மாதம் விவாதித்திருந்தால் எங்களுக்குத்தான் நட்டம். ஆகவே சிறிய மாற்றத்துக்கு இந்த வழி சரி. ஒரு முழுத் திணைக்களத்தின் தன்மையையே மாற்றுவதற்குச் சரியல்ல.

அடுத்த வழி, மாற்றம் நடக்கட்டும், பாராளுமன்றக் குழுக்கள் பின்னால் விசாரிக்கட்டும் என்பது. இதற்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு இருக்கிறது, அரசாங்க நிதி பற்றிய குழு இருக்கிறது, துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் இருக்கின்றன, கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் வருகின்றன. அதிகாரிகளைக் கூப்பிடலாம், கோப்பைக் கேட்கலாம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 விசா விவகாரத்தில் பார்த்தோம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று, வெளிநாட்டவரின் இணைய விசா விண்ணப்பங்களைக் கையாளும் வேலை, மொபிடெல் நடத்திய பழைய முறையில் இருந்து ஜி.பி.எஸ்., ஐ.வி.எஸ்., வி.எஃப்.எஸ். ஆகிய நிறுவனங்களின் கூட்டுக்குப் போனது. விசாக் கட்டணத்துக்கு மேல் சேவைக் கட்டணமும் சேர்ந்தது. கிழக்குக் கரையில் கடல் அமைதியாகி, நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகளின் பருவம் தொடங்கும் நேரம் அது. கடதாசியில் பார்த்தால் திணைக்களம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுத்திருந்தார்கள். ஆனால் நாட்டுக்குள் வர விரும்பும் ஒருவர் முதலில் தட்டும் கதவே இடம் மாறிவிட்டது. இதைவிடப் பெரிய மறுசீரமைப்பு என்ன இருக்கிறது?

ஹர்ஷ டி சில்வா தலைமையிலான அரசாங்க நிதி பற்றிய குழு அதிகாரிகளை அழைத்துக் கேட்டது. போட்டி விலைமனு இல்லாமல் இது எப்படி நடந்தது, பணம் யாருக்குப் போகிறது என்ற விஷயங்கள் வெளியே வந்தன. குழு தன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்வேன். ஆனால் நிறுத்தியது யார்? எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வழக்குப் போட்ட பிறகு, ஓகஸ்ட் 2 அன்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுப் பழைய முறைக்குத் திரும்பச் சொன்னது. அப்போதும் உத்தரவு நிறைவேறவில்லை. செப்டெம்பர் 24 நள்ளிரவுடன் பாராளுமன்றம் கலைந்தது. கலையும்போது குழுக்களும் கலைந்துவிடும், கேட்ட கேள்விகளும் அந்தரத்தில் நிற்கும். மறுநாள் நீதிமன்றத்தை அவமதித்ததாகத் திணைக்களத்தின் தலைவரான கட்டுப்பாட்டாளர் நாயகத்தை விளக்கமறியலுக்கு அனுப்பியது நீதிமன்றம். குழுவுக்குக் கேட்கும் அதிகாரம் இருந்தது, நிறுத்தும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் தேவைப்பட்டபோது மக்கள் பிரதிநிதிகளே நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது.

பின்னால் விசாரிக்கும் வழி பலம் பெற்ற இடமும் உண்டு. பிரித்தானியாவில் எல்லை முகவரகம் என்ற தனி அமைப்பை 2008இல் உருவாக்கினார்கள். உள்துறைக்கான பாராளுமன்றக் குழு அதை விடாமல் துரத்தியது. மாதக்கணக்கில் தேங்கிய கோப்புகளை எண்ணி எண்ணி அறிக்கை போட்டது. 2013 மார்ச்சில் வந்த அறிக்கை, தேங்கியவை மூன்று இலட்சத்துக்கு மேல், இந்த வேகத்தில் போனால் முடிக்க 24 ஆண்டு ஆகும் என்றது. மறுநாளே அப்போதைய உள்துறைச் செயலாளர் திரேசா மே முகவரகத்தைக் கலைப்பதாகச் சபையில் அறிவித்தார். குழுவின் வெற்றி என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் அரைவாசிதான் ஒத்துக்கொள்வேன். கலைத்ததும் அமைச்சரின் ஓர் அறிவிப்பாலேயே நடந்தது. வேலைகள் உள்துறை அமைச்சுக்குள்ளேயே திரும்பிப் போயின. கலைப்பதால் தேக்கம் எப்படிக் குறையும் என்று சபை முன்கூட்டியே கேட்டு வாக்களிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழுவிடம் எங்கள் குழுக்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. ஒரே விடயத்தை, ஒரே அளவுகோலால், திரும்பத் திரும்ப எண்ணும் பழக்கம் அது.

மூன்றாவது வழி, முதலில் சட்டம், பிறகு மாற்றம். இதற்கு அமெரிக்காவின் அனுபவத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் அங்கே ஒன்றாகக் கிடக்கிறது. ஐ.என்.எஸ். என்ற அவர்களின் குடிவரவு அமைப்பு 1933இல் உருவாகி, 1940இல் தொழில் திணைக்களத்தில் இருந்து நீதித் திணைக்களத்துக்குப் போனது. விண்ணப்பம் ஏற்றுச் சேவை செய்வதும், ஆட்களைப் பிடித்து நாடுகடத்துவதும் ஒரே அமைப்பின் கையில். 2002 மார்ச்சில், செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகு, அதில் விமானம் ஓட்டிச் செத்த இருவருக்கு விசா அனுமதி கிடைத்துவிட்டது என்ற அறிவித்தல் புளோரிடாவில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே நிர்வாகம் ஒரு மறுசீரமைப்புத் திட்டம் வைத்திருந்தது. சட்டம் வேண்டாம், உள்ளுக்குள்ளேயே பிரித்துக்கொள்கிறோம் என்றது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 405க்கு 9 என்ற வாக்கில் தன் சொந்தப் பிரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கடைசியில் நவம்பர் 25 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 2003 மார்ச் 1 அன்று ஐ.என்.எஸ். இல்லாமல் போனது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தவை சில. சேவை செய்யும் பிரிவையும் அமுலாக்கும் பிரிவையும் நிர்வாகம் தன் மறுசீரமைப்பு அதிகாரத்தால் திரும்ப ஒன்றாக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே தடை போட்டார்கள். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை தேங்கியது, எத்தனை மறுக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும், மறுப்புகளைப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். குடியுரிமைச் சேவைக்கென ஒரு குறைகேள் அதிகாரியை உருவாக்கி, அவருடைய அறிக்கை அமைச்சரின் திருத்தமோ கருத்தோ இல்லாமல் நேராகக் காங்கிரஸ் குழுக்களுக்குப் போக வேண்டும் என்றார்கள்.

ஓட்டைகளும் இருந்தன. காங்கிரஸ் இரண்டு அமைப்புகளைத்தான் நினைத்தது. அதே சட்டம் ஜனாதிபதிக்குக் கொடுத்த மறுசீரமைப்புத் திட்ட அதிகாரத்தைக் கொண்டு, 2003 ஜனவரியில் அமுலாக்கப் பிரிவை இரண்டாக்கினார்கள். இறுதியில் சேவைக்கு ஒன்று, எல்லைக்கு ஒன்று, உள்நாட்டுக் கைதுக்கு ஒன்று என்று மூன்று வந்தன. இன்னொன்று, மேற்பார்வை எண்ணிக்கையில் பெருகி வலுவில் இளைத்தது. அந்தச் சட்டத்தால் உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 88 குழுக்களுக்கும் உபகுழுக்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று செப்டெம்பர் 11 ஆணைக்குழு 2004இல் எழுதியது. எல்லோருக்கும் பதில் சொல்பவர் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை.

அப்புறம் 2025 மார்ச்சில் நடந்தது. சட்டம் உருவாக்கிய அந்தக் குறைகேள் அலுவலகத்தையும் வேறு இரண்டு மேற்பார்வை அலுவலகங்களையும் நிர்வாகம் ஆளில்லாமல் ஆக்கியது. சட்டத்தில் எழுதினால் மட்டும் காவல் கிடைத்துவிடாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். சரிதான். ஆனால் அவை சட்டத்தில் இருந்ததால்தான் பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்குப் போட ஒரு பிடி கிடைத்தது. வர்த்தமானியால் வந்த அலுவலகம் வர்த்தமானியாலேயே போகும்போது அந்தப் பிடியும் இருக்காது.

கனடாவை இந்த வழிக்கு எதிர்ப்பக்கமாக வைக்கலாம். அங்கே எல்லைச் சேவை முகவரகத்தை 2003 டிசம்பரில் அமைச்சரவை ஆணையால் ஆரம்பித்துவிட்டு, அதற்கான சட்டத்தை 2005இல்தான் நிறைவேற்றினார்கள். அந்த முகவரகத்தின் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கச் சுயாதீன அமைப்பு ஒன்றுக்குச் சட்டம் வந்தது 2024 ஒக்டோபரில். ஏறத்தாழ 21 ஆண்டு. முதலில் கேட்காத காவலைப் பிறகு கேட்டுப் பெறுவது எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இது போதும்.

நான்காவதாகச் சொல்லப்படுவது சுயாதீனப் பரிசோதகர். பிரித்தானியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லை, குடிவரவுத் தலைமைப் பரிசோதகர் பதவி வந்தது. நல்ல அறிக்கைகள் எழுதினார்கள். ஆனால் அறிக்கையைச் சபையில் வைப்பது அமைச்சரின் கையில். 2024 பெப்ரவரியில் பரிசோதகர் டேவிட் நீலைப் பதவி நீக்கினார்கள். அதன் பிறகு, அந்த மாதம் 29ஆம் திகதி, முடங்கிக் கிடந்த 13 அறிக்கைகள் ஒரே நாளில் வெளிவந்தன. ஆகவே பரிசோதகர் இருக்கிறாரா என்பதைவிட, அவருடைய அறிக்கை யார் கையால் வெளியே வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் நாட்டிலும் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இருக்கிறார். தனிமனிதரின் முறைப்பாட்டுக்கு அது உதவலாம். பரிந்துரைக்கத்தான் அவரால் முடியும். ஒரு திணைக்களம் முழுதாக மாறும்போது அதைத் தொடர்ந்து பார்ப்பதற்கு உருவான பதவி அல்ல அது.

இந்த இடத்தில் திருகோணமலை வாசகர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பாராளுமன்றத்தை நம்பச் சொல்கிறீர்களா? 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது வர்த்தமானியா, பாராளுமன்றமா? பாராளுமன்றம்தான். 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் முறைப்படி வாக்கெடுத்து நிறைவேறியது. அதன் கடைசிக் காயத்துக்கு மருந்து போட 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெரும்பான்மை வாக்கு மட்டும் மேற்பார்வை ஆகாது என்பதை எங்கள் வரலாறு சொல்லித் தந்திருக்கிறது. அதனாலேயே, சட்டம் வேண்டும் என்று கேட்கும்போது அதற்குள் என்ன எழுதப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சிறுபான்மையாக இருக்கும் ஓர் உறுப்பினர், வாக்கில் தோற்றாலும், கையில் எடுத்துப் பேசக்கூடிய கணக்கு ஒன்று அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் கிடைக்க வேண்டும்.

என் தெரிவு இதுதான். திணைக்களத்தைப் பிரிப்பது, இன்னொன்றோடு சேர்ப்பது, அதன் முக்கிய வேலையை வெளியாருக்குக் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் முதலில் பாராளுமன்றத்தின் சட்டமோ, குறைந்தது வாக்கெடுப்புடன் கூடிய தீர்மானமோ வேண்டும். கிளை திறப்பது, ஆள் இடமாற்றுவது போன்றவை வர்த்தமானியோடும் சுற்றறிக்கையோடும் நடக்கட்டும். பின்னால் விசாரிக்கும் வேலையை ஒரே ஒரு துறைசார் குழுவிடம் கொடுக்க வேண்டும், நாலைந்து குழுக்களிடம் பங்கு போடக் கூடாது. பாராளுமன்றம் கலைந்தாலும் அடுத்த பாராளுமன்றத்தின் அதே குழு, கேள்வி நின்ற இடத்தில் இருந்து தொடர வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும்.

சுயாதீனப் பரிசோதகரா, மாவட்ட வாரியான ஆண்டுக் கணக்கா, ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கணக்கைத்தான் எடுப்பேன். பரிசோதகரை நீக்கலாம், அவருடைய அறிக்கையைப் பூட்டிவைக்கலாம், பதவியை ஆளில்லாமல் விடலாம். கணக்கை வெளியிடும் கடமை சட்டத்தில் இருந்தால், அது வராத ஆண்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். செலவும் குறைவு. திருகோணமலையில் இருந்து எத்தனை கடவுச்சீட்டு விண்ணப்பம், சராசரி எத்தனை நாள், இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவில் எத்தனை தேங்கி நிற்கிறது, எத்தனை மறுக்கப்பட்டது, என்ன காரணம். இவை கையில் இருந்தால், வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் அமைச்சின் செலவுத் தலைப்பு வரும் நாளில் எங்கள் உறுப்பினர் எழும்பிச் சும்மா முறையிடத் தேவையில்லை, எண்ணைச் சொல்லிப் பதில் கேட்கலாம். நிதி மீதான முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்த அதிகாரத்தை ஒரு மாவட்டத்தின் எண்ணோடு சேர்த்துப் பயன்படுத்தியதைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கவில்லை.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். சட்டம் மெதுவாகத்தான் நகரும். அதனால் திருகோணமலைக்கு அலுவலகம் கேட்கும் கோரிக்கையை இதோடு கட்டிப்போடக் கூடாது. அதற்குச் சட்டம் தேவையில்லை, இன்றே தனியாகக் கேட்கலாம். இரண்டு மனுவாகவே போகட்டும்.

கணக்குக்காகச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மேலே சொன்ன எண்களைத் திணைக்களத்தின் தகவல் அதிகாரியிடம் யாரும் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். கிண்ணியாவில் இருந்து ஒருவர், சேருவிலவில் இருந்து ஒருவர், நகரில் இருந்து ஒருவர் என்று மூன்று சமூகத்தில் இருந்தும் கேட்டால் நல்லது. பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறுபவர்களில் மூன்று சமூகத்தவரும் இருக்கிறார்கள். பதில் வந்ததும் அதன் பிரதியை நான்கு உறுப்பினர்களுக்கும், எந்தக் கட்சி என்று பாராமல், ஒரே நாளில் அனுப்புங்கள். கூடவே ஒரு கேள்வியையும் எழுத்தில் வையுங்கள்: திணைக்களத்தை இனி மாற்றியமைக்கும் எந்த யோசனையும் வாக்கெடுப்புக்கு வராமல் நடைமுறைக்கு வந்தால், நீங்கள் சபையில் என்ன செய்வீர்கள்?